‘போயிட்டு வாறன்’ என்று சொல்லக்கூடிய வண்டி



அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில், அவுட்பாக் என்று நாம் சொல்லும் அந்தச் செம்மண் நிலத்தில், ஒரு பேச்சு நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. உள்ளே போகவேண்டுமென்றால் லாண்ட் றோவரில் போ, திரும்பி வரவேண்டுமென்றால் லாண்ட் குறூசரில் போ என்பதே அது. வீட்டை விட்டுப் புறப்படும்போது “போறன்” என்று சொல்லாமல் “போயிட்டு வாறன்” என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் பேச்சின் கருத்து உடனே விளங்கிவிடும். அடுத்த பெற்றோல் நிலையம் 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பாதையில் வண்டி நின்றுவிட்டால், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்தப் பேச்சு நியாயமானதா? முதலில் வந்து பெயர் எடுத்த ஆங்கிலேய வண்டி, பத்து வருடம் பிந்தி இந்நாட்டுக்கு வந்த யப்பானிய வண்டியிடம் அந்தப் பெயரை எப்படி இழந்தது? இதைத்தான் இந்த மாத உரையில் பார்க்கப் போகிறோம். கார்களில் ஆர்வம் இல்லாதவர்களும் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள். ஒரு நிறுவனம் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிக்கிறது, எப்படித் தொலைக்கிறது என்பது எல்லோருக்கும் பொதுவான கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருடங்கள். பிரித்தானியாவின் றோவர் கொம்பனி வசதியானவர்களுக்குக் கார் செய்து வந்த நிறுவனம். அதன் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் நாட்டின் அங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு அவர் பயன்படுத்தியது போரில் மிஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப். அது பழுதாகிப் போனால் அதற்குப் பதிலாக வாங்க வேறொரு வண்டி இல்லை. அப்படியானால் நாமே ஒன்றைச் செய்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. 1947இல் அங்கிள்சியின் றெட் வார்வ் குடாக் கடற்கரையில், நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த தம் சகோதரர் ஸ்பென்சர் வில்க்ஸுக்கு விளங்குவதற்காக, மொறிஸ் மணலில் வண்டியின் வடிவத்தைக் கீறிக் காட்டினார் என்பது வரலாறு.

அந்த வண்டியின் அமைப்பைத் தீர்மானித்தது பெரும்பாலும் தட்டுப்பாடுதான். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே முன்னுரிமை. அலுமினியமோ தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. ஆகவே வண்டியின் மேற்கூட்டை ‘பேர்மாபிரைட்’ என்ற அலுமினியக் கலப்புலோகத்தில் செய்தார்கள். விலை கூடிய அச்சுகள் வேண்டாம் என்பதற்காகத் தகடுகளைப் பெரும்பாலும் தட்டையாகவே விட்டார்கள். ஆரம்ப வண்டிகளின் வெளிர்பச்சை நிறம்கூடப் போர் விமானங்களின் உட்புறத்துக்குப் பூசி மிஞ்சிய வர்ணம்தான். முதல் மாதிரி வண்டி ஜீப்பின் சேசிஸ் மீதே கட்டப்பட்டது. அதில் ஸ்டியரிங் சில்லு நடுவில் இருந்தது, உழவு இயந்திரத்தில் இருப்பதைப் போல!

1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமானது. இரு அச்சுகளுக்கும் இடையே 80 அங்குலம், 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின், விலை 450 பவுண். எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து, தண்ணீர் இறைக்கவும் மரம் அரியவும் பயன்படுத்தும் வசதியும் இருந்தது. சில வருடங்களுக்கு விற்று நெருக்கடியைச் சமாளிப்போம் என்று தொடங்கிய வண்டி, வெகு சீக்கிரத்தில் றோவர் கார்களையே எண்ணிக்கையில் முந்திவிட்டது. 1959இல் இரண்டரை லட்சம், 1966இல் ஐந்து லட்சம், 1976இல் பத்து லட்சம் என உற்பத்தி ஏறியது.

பிரித்தானியப் பேரரசு சுருங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அதன் பழைய பாதைகளெங்கும் லாண்ட் றோவர் பரவியது. இராணுவம், பொலிஸ், நில அளவையாளர், தோட்டத்துரை என்று யாருக்கும் அதுவே வாகனம். மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. 1955 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் தரைவழியாகச் சிங்கப்பூரை அடைந்தபோது அதன் புகழ் உச்சிக்குப் போனது.

அதன் பலம் எதில் இருந்தது? அது பழுதாகாத வண்டி அல்ல. ஆனால் பழுதானால் திருத்தக்கூடிய வண்டி. தகடு நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். கதவு வேண்டாமென்றால் கழற்றி வைக்கலாம். ஒரு பெட்டிச் சாவிகளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் மர நிழலிலேயே பாதி வண்டியைப் பிரித்துப் பூட்டிவிடலாம். இதையும் ஒருவகை நம்பகத்தன்மை என்றே சொல்லவேண்டும்.

இனி யப்பானுக்குப் போவோம்.

1950இல் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு அயலிலேயே ஜீப் போன்ற வாகனங்கள் தேவைப்பட்டன. போரில் தோற்று, தொழில் முடங்கிக் கிடந்த யப்பானிய நிறுவனங்களுக்கு அது மூச்சு விட ஒரு வழி. ரொயோட்டா தன் லொறிக்குரிய 3.4 லீற்றர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டி, 1951 ஜனவரியில் ‘பி.ஜே.’ என்ற மாதிரி வண்டியைச் செய்தது. அவ்வருடம் ஜூலையில் இச்சிரோ தைரா என்ற சோதனை ஓட்டுநர் அதை பூஜி மலையின் ஆறாவது தங்குமிடம் வரை ஏற்றிக் காட்டினார். அதைத் தொடர்ந்து யப்பானின் தேசியப் பொலிஸ் 289 வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்தது.

முதலில் அதற்கு ‘ரொயோட்டா ஜீப்’ என்றுதான் பெயர். ஜீப் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடிய அமெரிக்க நிறுவனம் ஆட்சேபித்தது. 1954இல் ரொயோட்டாவின் தொழில்நுட்ப இயக்குநர் ஹன்ஜி உமெஹாரா புதுப்பெயர் தேடினார். இங்கிலாந்தில் லாண்ட் றோவர் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் குறையாத கம்பீரம் நம் வண்டியின் பெயரிலும் தொனிக்கவேண்டும் என்று நினைத்து, ‘லாண்ட் குறூசர்’ என்று வைத்தார். போட்டி பெயரிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

இந்த இரண்டு வண்டிகளும் நேருக்கு நேர் சந்தித்த முக்கியமான களம் நாம் வாழும் இந்த அவுஸ்திரேலியாதான். ஸ்னோவி மலை நீர்மின் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1949இல் தொடங்கி 1974இல் முடிந்த அந்த மாபெரும் வேலையில் 16 பெரிய அணைகள் கட்டப்பட்டன. சுமார் 145 கிலோமீற்றர் நீளச் சுரங்கங்கள் குடையப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் உட்பட ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கு உழைத்தார்கள். 121 பேர் வேலையின்போது உயிரிழந்தார்கள். புலம்பெயர்ந்தோரின் வியர்வையால் எழுந்த திட்டம் என்ற வகையில், பின்னாளில் வந்த நமக்கும் அதில் ஒரு நெருக்கம் உண்டு.

பாதையே இல்லாத அந்த மலைகளில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் சென்றவை ஆரம்பத்தில் லாண்ட் றோவர்கள். பின்னர் தீஸ் சகோதரர்கள் என்ற அவுஸ்திரேலிய ஒப்பந்தக்காரர்கள் அங்கே பெரிய வேலை ஒன்றை எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான லெஸ்லி தீஸ், 1950களின் இறுதியில் லாண்ட் குறூசர்களை இறக்குமதி செய்து அந்த மலை வேலைக்குக் கொண்டுவந்தார். போர் முடிந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. யப்பான் என்றாலே பலர் முகம் சுளித்த காலம். ‘யப்பான் சாமான்’ என்றால் மலிவான, நிலைக்காத சாமான் என்பது பொது அபிப்பிராயம்.

அந்த முதல் வண்டிகள் குறையற்று இருந்தனவா? இல்லை. எஞ்சின் பலமாக இருந்தது, ஆனால் ஸ்னோவி மலையின் முரட்டுப் பாவனைக்கு கியர்பொக்ஸ் ஈடுகொடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. ரொயோட்டா தன் ஆட்களை யப்பானிலிருந்து அனுப்பியது. என்ன உடைகிறது, ஏன் உடைகிறது என்று களத்திலேயே பார்த்துத் திருத்தினார்கள். ஸ்னோவி மலையில் கற்ற பாடம் அடுத்து வந்த வண்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1960இல் வெளிவந்த 40 வரிசை வண்டிதான் அவுஸ்திரேலியப் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் லாண்ட் குறூசரின் பெயரை நிலைநாட்டியது. தீஸ் நிறுவனம் அதன் விற்பனையாளராகவும் ஆனது.

இதே காலத்தில் லாண்ட் றோவருக்கு என்ன நடந்தது? அதன் 2.25 லீற்றர் எஞ்சின் இங்கிலாந்துப் பண்ணைக்குப் போதும். ஆனால் சுமை ஏற்றிக்கொண்டு, கொதிக்கும் வெயிலில், ஒரு நாளில் 600, 700 கிலோமீற்றர் ஓடவேண்டிய நாட்டுக்கு அது பலவீனம். லாண்ட் குறூசரிடம் இருந்ததோ 3.9 லீற்றர் எஞ்சின். அடுத்தது, எஞ்சினின் சக்தியைச் சில்லுக்குக் கொண்டுபோகும் பின் அக்சில் தண்டு. ‘ஹாவ் ஷாவ்ட்’ என்று கராஜ்காரர் சொல்வார்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது இது முறிவது லாண்ட் றோவரின் பெயர் பெற்ற வருத்தம். அனுபவமுள்ளவர்கள் மேலதிகத் தண்டுகளைக் கூடவே கொண்டுபோனார்கள். அதை மாற்றுவது சுலபம் என்பது உண்மைதான். ஆனால் மாற்றுவதற்குச் சுலபமாக இருப்பதைவிட, முறியாமல் இருப்பது நல்லதல்லவா?

குறை எந்த வண்டியிலும் இருக்கும். அதைக் கேட்டுத் திருத்த ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. 1967இல் றோவர் கொம்பனி லேலண்டுடன் சேர்ந்தது. 1968இல் அது பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரும் கூட்டுக்குள் போனது. 1975இல் அந்தக் கூட்டு நட்டத்தில் மூழ்கி அரசுடைமையானது. வேலைநிறுத்தங்கள், பணமுடை, தரக் குறைவு என்று தடுமாறிய நிறுவனத்தில், லாண்ட் றோவர் சம்பாதித்த பணம் லாண்ட் றோவரைத் திருத்தப் பயன்படவில்லை. சிட்னியின் செற்லண்ட் பகுதியில் இருந்த லேலண்ட் தொழிற்சாலையும் 1970களின் நடுவில் மூடப்பட்டது. உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்து அலுத்த பண்ணைக்காரர் அடுத்த தடவை எந்த வண்டியை வாங்கியிருப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

மாற்றம் வராமலில்லை. 1970இல் றேஞ்ச் றோவர் வந்தது. 1983இல் சுருள் ஸ்பிரிங் பூட்டிய 110 வந்தது. 1990இல் அந்த வரிசைக்கு டிபெண்டர் என்ற பெயர் சூட்டப்பட்டது. மேடு பள்ளத்தில் மென்மையாகப் போவதில் அவற்றை மெச்சாதவர் இல்லை. ஆனால் நிறுவனம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994இல் பி.எம்.டபிள்யூ., 2000இல் போர்ட், 2008இல் இந்தியாவின் டாட்டா மோட்டோர்ஸ். வண்டிகள் சொகுசாக ஆக ஆக, இலத்திரனியல் பாகங்களும் பெருகின. 2000களில் அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் நடத்திய தர மதிப்பீடுகளில் லாண்ட் றோவர் பலமுறை கடைசி இடங்களில்தான் நின்றது. ரொயோட்டா குழுமத்தின் லெக்சஸ் முன்வரிசையில் நின்றது.

ஆனால் லாண்ட் றோவர் அடிப்படையிலேயே மோசமான வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு அவுஸ்திரேலிய இராணுவமே சாட்சி. 1980களில் இராணுவம் புது வாகனம் தேடியபோது தெரிவானது லாண்ட் றோவர் 110. ஆனால் பிரித்தானிய எஞ்சினோடு அல்ல. யப்பானின் இசுசு நிறுவனத்தின் 3.9 லீற்றர் டீசல் எஞ்சினைப் பூட்டி, சேசிஸ் துருப்பிடிக்காதபடி நாகமுலாமிட்டு, இந்நாட்டிலேயே பொருத்தி எடுத்தார்கள். இங்குள்ள பெரிய உடும்பு இனமொன்றின் பெயரால் ‘பெரென்ரி’ என்று அழைக்கப்பட்ட அந்த வண்டிகள் 1987இலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சேவையில் இருந்தன. குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினால் அதே லாண்ட் றோவர் எவ்வளவு நம்பகமானதாக மாறும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

இதுவரை செய்த லாண்ட் றோவர்களில் பெரும்பகுதி இன்னும் ஓடுகிறது என்று அதன் ஆர்வலர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பூவுக்கு, 1950களின் லாண்ட் றோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றி இறக்கின. மலேசியாவின் கேமரன் மலையில் மரக்கறித் தோட்டக்காரரிடம் பழைய லாண்ட் றோவர்கள் இன்றும் ஏராளம். அந்த மலையின் தேயிலைத் தோட்டங்களை வளர்த்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அவை பழக்கமான வண்டிகள். ஆனால் சந்தக்பூ வண்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது மகிந்திரா டீசல் எஞ்சின். ஆகவே ‘இன்னும் ஓடுகிறது’ என்பதும் ‘பழுதாகவில்லை’ என்பதும் ஒன்றல்ல. அங்கே வண்டியைக் காப்பாற்றியது அதன் எளிமையும், அதைக் கைவிட மனமில்லாத உள்ளூர் மெக்கானிக்குகளின் கைகளுமே.

லாண்ட் குறூசரின் நம்பகம் வேறு வகையானது. தேவைக்கு மேலே பலமாகச் செய்வது, மாற்றத்தை அவசரப்படாமல் கொண்டுவருவது, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கச் செய்வது. 1984இல் வந்த 70 வரிசை, நாற்பது வருடங்கள் கடந்தும் இங்கே புதிதாக விற்பனையாகிறது. ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவைச் சங்கமும் போர்ப் பிரதேசங்களுக்கு இந்த வண்டியை நாடுவதற்கும் காரணம் இதுதான். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வெள்ளை நிற வாகனங்கள் மறக்கக்கூடியவை அல்ல. அவை வந்தபோது வந்த ஆறுதலும், 2008 செப்டெம்பரில் ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போனபோது வந்த கலக்கமும் இன்னும் பலர் நெஞ்சில் இருக்கின்றன. எவ்வளவு நம்பகமான வண்டியும் அதை அனுப்புகிறவர்களின் முடிவுக்குக் கட்டுப்பட்டதுதான்.

ரொயோட்டாவும் தவறே செய்யாத நிறுவனம் அல்ல. 2015 முதல் 2020 வரை அவுஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், போர்ச்சூனர், லாண்ட் குறூசர் பிராடோ டீசல் வாகனங்களில், புகைக்கரியை வடிகட்டி எரிக்கும் அமைப்பு குறைபாடுடையது என்று 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பந்தப்பட்ட வாகனங்கள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகம். ஸ்னோவி மலையில் எடுத்த நல்ல பெயர் பிறகு செய்கிற எல்லா வண்டிக்கும் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு தலைமுறை வண்டியும் அதைப் புதிதாகச் சம்பாதிக்கவேண்டும்.

2016 ஜனவரி 29ஆம் திகதி சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து கடைசிப் பழைய டிபெண்டர் வெளியே வந்தது. 1948இல் தொடங்கிய வரிசை 68 வருடங்களில் இருபது லட்சத்தைத் தாண்டி முடிந்தது. 2019இல் அறிமுகமான புதிய டிபெண்டர் சுலோவாக்கியாவில் தயாராகிறது. 2024 செப்டெம்பரில் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாட்டா மோட்டோர்ஸ் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜகுவார் லாண்ட் றோவர் வாகனங்களையும் அங்கே செய்வதாக அப்போது திட்டமிடப்பட்டது. அங்கிள்சிக் கடற்கரை மணலில் கீறிய கோடு வட தமிழ்நாடு வரை நீண்டிருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன அவுட்பாக் பேச்சுக்கு வருவோம். ஒரு காலத்துக்கு அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அது வண்டியில் ஒட்டிய பெயரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. குறை சொன்னவரின் குரலைக் கேட்டவரையும் கேளாதவரையும் பற்றிய தீர்ப்பு.

நம்மவர்கள் பலர் இப்போது பெரிய நான்கு சில்லு இழுவை வண்டிகள் வாங்கி, விடுமுறைக்குக் குடும்பத்தோடு உட்பிரதேசங்களுக்குப் போகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். அவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எந்தப் பெயர் ஒட்டிய வண்டியானாலும், புறப்படுமுன் சேர்விஸ் செய்யுங்கள். இரண்டு உபரி ரயர் வையுங்கள். எல்லோருக்கும் பல நாட்களுக்குப் போதுமான தண்ணீர் ஏற்றுங்கள். கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது, ஆகவே செய்மதித் தொலைபேசியோ அவசர சமிக்ஞைக் கருவியோ எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாதையால் போகிறீர்கள், எந்த நாள் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு ஆகாயத்திலிருந்து முதலில் தெரிவது வண்டிதான், அதன் நிழலும் உங்களைக் காக்கும்.

போய், சுகமாகத் திரும்பி வாருங்கள்.